வம்பமாரியும் நம் எழுத்தும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. அவற்றிடையே தோன்றி வாழும் மரம், பூ, புள், விலங்கு, உணவு, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர் உள்ளத்து நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றையும் நம் மாணவர் நன்கு மனனம் செய்துள்ளனர். கார்காலம் எத்திணைக்கு உரியது என்று வினவினால் தடையின்றி விடை பகர்வர். ஆயின், தாம் பிறந்து வளரும் ஊரில் மிகுமழை எத்திங்களில் பெய்யும், ரப்பர் மரம் எப்பொழுது இலையுதிர்க்கும், டுரியான் எவ்வகை வானிலையில் அரும்பும் என்று வினவினால் பலர் விழிப்பர். இஃது அவர்தம் குற்றமன்று. திணை என்பது பழம்பாட்டின் இலக்கணமாகவே வகுப்பறையில் நிலைபெற்றுவிட்டது. எந்த நிலத்தையும் நோக்குதற்குரிய கண் அது என்னும் உண்மை பின்தங்கிவிட்டது.

இந்நிலையில் உலகின் வெப்பம் உயர்ந்து பருவங்கள் முறை பிறழ்கின்றன. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம், ஆலைத் தொழில் பெருகுவதற்கு முந்தைய காலத்து வெப்பத்தினும் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை மிகுந்திருந்தது என உலக வானிலை அமைப்பு அறிவித்தது. இதனை அறிவியலார்க்குரிய பொருள் என்று எண்ணி ஒதுங்குதல் எழுத்தாளர்க்கும் ஆசிரியர்க்கும் எளிது. எனினும், முதற்பொருளே திரியும்போது இலக்கியம் திரியாது நிற்குமோ? மலேசியத் தமிழ் எழுத்தை இவ்வினாவோடு படித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வம்பமாரி என்னும் சொல்

பருவம் பிறழப் பெய்யும் மழைக்குப் பழந்தமிழர் தனிச்சொல் வைத்திருந்தனர். அது வம்பமாரி. குறுந்தொகையின் 66ஆம் பாடல் இச்சொல்லை மையமாகக் கொண்டது. கார்காலத்தில் மீள்வேன் என்று கூறிப் பிரிந்தான் தலைவன். மழை பெய்தது, கொன்றை பூத்தது, அவன் வந்திலன். கலங்கிய தலைவியைத் தோழி தேற்றுகின்றாள். பெய்தது கார்மழையன்று, காலமல்லாக் காலத்து வந்த மழை; அதனைக் காரென மயங்கிப் பூத்த கொன்றையே அறியாமை உடையது என்பது அவள் கூற்று.

உண்மையில் கார் வந்துவிட்டது என்றும், தலைவியின் துயர் தணிக்கவே தோழி அதனை மறுத்துரைக்கின்றாள் என்றும் உரைகாரர் கொள்வர். அவ்வாறு கொள்ளினும் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. தோழி சொல்வது பொய்யேயாயினும், அப்பொய் தலைவியின் செவியில் ஏறுதற்கு ஓர் அடிப்படை வேண்டும். கார்மழை இன்ன காலத்தில், இன்னவாறு பெய்யும் என்னும் அறிவு இருவர்க்கும் பொதுவாக இருந்தமையே அவ்வடிப்படை. முறையை அறிந்தவர்க்கே முறைகேடு புலப்படும். கார் இன்னதென்று அறியாதவர்க்கு வம்பமாரியும் வெறும் மழையே.

இந்த உண்மையை நம் நாட்டின்மேல் வைத்துப் பார்ப்போம். பருவம் பிறழ்கிறது என்று இன்று நாம் கூற வேண்டுமாயின், பிறழாத பருவம் எது என்பதற்கு நம்மிடம் பதிவு வேண்டும். வானிலை நிலையங்கள் மழையின் அளவைப் பதிந்துள்ளன. ஆயின், அம்மழையோடு மக்கள் வாழ்ந்த வாழ்வை யார் பதிந்தனர்? தமிழரைப் பொறுத்தமட்டில் அப்பதிவு பெரும்பாலும் நம் சிறுகதைகளிலும் நாவல்களிலும் கவிதைகளிலுமே உள்ளது. அப்பதிவு எத்தகையது என்று ஆராய்தல் திறனாய்வாளர் கடன்.

மூவகைப் பருவம்

நம் எழுத்தில் பருவம் மூவகையாக அமைந்துள்ளது எனலாம்.

முதலாவது, இரவல் பருவம். சித்திரை வெயிலும் மார்கழிப் பனியும் தமிழ்நாட்டு நிலத்தில் பிறந்தவை. அவற்றை நம் பாட்டனார் கப்பலில் தம்மோடு கொண்டுவந்தனர். இங்கு மார்கழி வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். கிழக்குக் கரையில் கடல் கொந்தளிக்கும், ஆறுகள் கரைபுரளும். அங்ஙனமிருந்தும், மார்கழி என்றவுடன் பனித்துளியையும் கோலத்தையும் எழுதும் வழக்கம் மறைந்திலது. மரபை நினைவுகூர்தல் தவறன்று. ஆனால், நினைவில் உள்ள பருவத்தைக் கண்முன் உள்ள பருவமாக எழுதுவது நிலத்தைக் காணாமையின் விளைவு.

இரண்டாவது, அணிப் பருவம். கதைத்தலைவி அழுதால் வானமும் அழுகின்றது. காதலர் கூடினால் சாரல் தூவுகின்றது. மழை இங்கே மனநிலையின் ஒப்பனை. கதையினின்று அம்மழையை நீக்கினாலும் கதை குறைவுபடாது. சங்கப் பாடலிலும் மழை மனத்தோடு இயைகின்றது அன்றோ எனில், அங்கு மழை முதலில் மழையாக இருந்து, பின்னரே மனத்தைத் தீண்டுகின்றது. கொன்றை பூக்கும், முல்லை மலரும், ஆநிரை மீளும். இவையனைத்தும் நிகழ்ந்த பின்னரே தலைவி ஏங்குகின்றாள்.

மூன்றாவது, வாழ்வுப் பருவம். மழையால் வேலை நிற்கிறது, வேலை நின்றால் கூலியில்லை, கூலியில்லையேல் அடுப்பெரியாது. இங்கே மழை கதையின் பின்னணியன்று, கதையை நடத்தும் மாந்தருள் ஒருவர். நம் தோட்ட இலக்கியத்தின் சிறந்த பகுதிகள் இவ்வகையைச் சார்ந்தவை. இலக்கியத் தகுதியிலும் பதிவின் தகுதியிலும் முன்னிற்பது இதுவே என்பது எம் துணிபு.

தோட்டத்தின் நாட்காட்டி

இம்மூன்றாம் வகையைச் சற்று விரித்து நோக்குவோம். ரப்பர் மரம் இம்மண்ணுக்குரியதன்று. அமேசான் காட்டினின்று எடுத்த விதையில் முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்னர் மலாயாவின் மேற்குக் கரையெங்கும் தோட்டங்கள் எழுந்தன. ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் வேறு நிலத்திற்கு வந்துவிட்டால், வந்த நிலத்தின் பொருளாகவே கொள்ளப்படும் என்று தொல்காப்பியம் இடந்தருகின்றது. அவ்வாறு வந்த மரமும், அதனைச் சீவ வந்த மனிதரும் சேர்ந்து இங்கே ஒரு புதிய திணையைப் படைத்தனர்.

அத்திணைக்குச் சிறுபொழுது விடியற்காலை. வெயில் ஏறுமுன் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு வடியும். ஆகவேதான் இருள் பிரியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றனர் தோட்ட மக்கள். இரவு பெய்த மழையில் பட்டை நனைந்திருந்தால் உளி வைக்க இயலாது. சீவிய பின் மழை வந்தால் மங்கில் வடிந்த பால் நீரோடு வழிந்து போகும். நாட்கூலி முறையில் அந்நாள் வெறுநாள். மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் நெடுங்காலம் போராடியதன் வேரில் வானிலையும் இருந்தது.

அத்திணைக்குப் பெரும்பொழுதும் உண்டு. மேற்குக் கரையில் மழை மிகும் காலம் இரண்டு: பருவக்காற்று மாறும் இடைக்காலங்களான ஏப்ரல், மே திங்கள்களும் அக்டோபர், நவம்பர் திங்கள்களும். இவ்விரண்டாம் மழைக்காலத்தில்தான் தீபாவளி வருகின்றது. தீபாவளிக்கு முன் விடாது மழை பெய்வதும், வேலை கெடுவதும், பிள்ளைக்குப் புத்தாடை வாங்க இயலாது தந்தை வருந்துவதும் தோட்டச் சிறுகதைகளில் பலகாலும் வரும் நிகழ்ச்சிகள். இதனை வழக்கமாகிப்போன உத்தி என்று இகழ்வோர் உளர். மழையளவுப் பதிவை அருகில் வைத்துப் படித்தால் அஃது உத்தி மட்டுமன்று, வானிலை உண்மையும் ஆகும் என்பது விளங்கும்.

தை பிறந்தபின் மழை குறையும். ஜனவரி முதல் மார்ச்சு வரையில் ரப்பர் மரங்கள் இலை பழுத்து உதிர்க்கும். அப்பொழுது பாலும் குறையும். அக்காலத்தில் ஜனவரியில் பள்ளி திறந்தமையால், செலவு மிகும் வேளையில் வரவு குன்றிற்று. இதே திங்கள்களில் மாலைநேரத்தில் சிறுநகர்களின் மின்கம்பிகளில் வடதிசையினின்று வலசை வந்த தகைவிலான் குருவிகள் நிரை நிரையாக அமர்ந்திருக்கும். இலையுதிர்வும் குருவியும் குறைந்த கூலியும் ஒரே காலத்தின் மூன்று முகங்கள். முதல், கரு, உரி ஆகிய மூன்றும் இங்கே எவ்வளவு இயல்பாக இயைந்துள்ளன என்பதை ஆசிரியர் மாணவர்க்குக் காட்டலாம்.

இன்று திரிவன

இந்த நாட்காட்டி இன்று எவ்வாறு திரிகின்றது? 2021ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் முதல் மூன்று நாள்கள் சிலாங்கூரில் கொட்டிய மழையை எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவக்காற்றின் பெருமழையைத் தித்திவங்சா மலைத்தொடர் தடுத்து மேற்குக் கரையைக் காப்பது பொதுவியல்பு. அவ்வாண்டோ தாழ்வழுத்தம் ஒன்று தீபகற்பத்தின் குறுக்கே கடந்து வந்தது. ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவும் உலு லங்காட்டும் நீரில் மூழ்கின. நாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வெள்ளத்தின் இழப்பு 610 கோடி ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. அ. ரெங்கசாமி தம் நாவலுக்கு 'லங்காட் நதிக்கரை' எனப் பெயரிட்டார். இன்று அந்நாவலைப் படிக்கும் மாணவன், கரையை விழுங்கிய நதியைக் கண்டவனாகவே அதனுள் நுழைகின்றான்.

ஒரு மழையை மட்டும் சுட்டி, இது முற்றும் பருவநிலை மாற்றத்தால் வந்தது என்று கூறுதல் அறிவியல் முறையன்று. ஆயின், காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகும் என்பது இயற்பியல். மிகுந்த நீராவி பெய்யும் காலத்து மிகுந்த மழையாகவே பெய்யும். வெயிலும் அவ்வாறே. பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் 40.1 பாகை வெப்பம் பதிவாயிற்று. அஃது எல் நினோ என்னும் பசிபிக் கடல் வெப்ப நிகழ்வின் காலம். அத்தகைய நிகழ்வு 2016இலும் வலுத்தபோது பெர்லிஸ், கெடா மாநிலங்களில் வெயிலின் கொடுமையால் பள்ளிகளை மூட நேர்ந்தது. எல் நினோ பண்டு தொட்டு வருவது. அஃது ஏறி நிற்கும் அடித்தளமே இப்போது உயர்ந்துவிட்டது.

கருப்பொருளும் இடம் பெயர்கின்றது. சபாவின் கினாபாலு மலையில் 1965இல் அந்துப்பூச்சிகளை ஆராய்ந்தனர். 42 ஆண்டுகள் கழித்து 2007இல் அதே இடங்களில் மீண்டும் ஆராய்ந்தபோது, அப்பூச்சியினங்கள் சராசரியாக 67 மீட்டர் மேலேறியிருக்கக் கண்டனர். குளிர்ச்சியை நாடி அவை ஏறுகின்றன. மலைக்கு ஓர் உச்சி உண்டு. அதற்கு மேல் ஏற இடமில்லை. வந்த நிலத்தில் பூவும் புள்ளும் பொருந்தும் என்று இலக்கணம் இடந்தந்தது உண்மையே. செல்ல நிலமே இல்லாத உயிர்க்கு எவ்விலக்கணம் இடந்தரும்?

நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் மற்றொரு வியப்பைக் காணலாம். மெராந்தி முதலிய பெருமரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடு முழுதும் ஒருங்கே பூக்கும். மலைத்தேனீக்கள் கூட்டமாக வந்து சேரும். வறண்ட நாள்களும் வழக்கத்தினும் குளிர்ந்த இரவுகளும் ஒன்று கூடுவதே அப்பூப்புக்குத் தூண்டுதல் என்பர். இரவுகள் குளிராது போகுமாயின் இப்பெரும் பூப்பும் அரிதாகும் என்று ஆய்வாளர் அஞ்சுகின்றனர். டுரியானும் ஒரு வறண்ட இடைவெளிக்குப் பின்னரே அரும்புகின்றது. பூத்த வேளையில் பெருமழை வந்தால் பூக்கள் உதிர்கின்றன. வம்பமாரியில் மயங்கிய கொன்றை ஈராயிரம் ஆண்டுப் பழங்கற்பனையன்று. நம் வீட்டுப் புறத்தே நிற்கும் மரத்தின் செய்தியும் அதுவே.

கடலும் விலக்கன்று. கடல்நீர் சூடேறிய 2010ஆம் ஆண்டில் பவளங்கள் வெளுத்தமையால் தியோமான், ரெடாங் தீவுகளின் சில முக்குளிப்பு இடங்களை அரசு தற்காலிகமாக மூடிற்று. திரெங்கானுக் கரையில் முட்டையிடும் பச்சை ஆமைக்கு, குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கின்றது. ஏறத்தாழ 29 பாகைக்கு மேல் சூடேற ஏற, பிறப்பவற்றுள் பெண்ணே மிகும்.

ஓர் எச்சரிக்கை

ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். அழிவனவற்றையெல்லாம் பருவநிலையின் தலையில் ஏற்றிவிடல் ஆகாது. ரந்தாவ் அபாங் கடற்கரையில் 1950களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் அளவில் தோல்முதுகு ஆமைகளின் கூடுகள் அமைந்தன. இந்நூற்றாண்டில் அவை அங்கு ஏறக்குறைய மறைந்துவிட்டன. அதற்குத் தலையாய காரணங்கள், முட்டைகளை மனிதர் எடுத்து உண்டதும் மீன்வலைகளில் ஆமைகள் சிக்கி மடிந்ததுமே. காடு அழிந்து செம்பனைத் தோட்டம் ஆனதும் வெப்பநிலை செய்த வேலையன்று. மனிதக் கை செய்த வேலை. காரணங்களைப் பிரித்தறியாது எழுதும் கதை, ஒப்பாரியாகுமே அன்றி உண்மையாகாது. கவிஞனுக்கு உணர்ச்சி வேண்டும். அவ்வுணர்ச்சி சரியான இடத்தில் பாயவும் வேண்டும்.

பாலை என்னும் நிலை

தொல்காப்பியர் பாலைக்குத் தனிநிலம் வகுத்திலர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து துயர்தரும் வடிவம் கொள்வதே பாலை என்று விளக்கியவர் இளங்கோவடிகள். பாலை ஓர் இடமன்று, நிலத்திற்கு நேரும் நிலை என்னும் இக்கருத்து இன்றைய உலகுக்கு எத்துணைப் பொருந்துகின்றது! ஆயினும், இளங்கோவின் பாலை வேனிலின் பாலை. வெயில் தணிந்து மழை பெய்தால் முல்லை மீண்டும் முல்லையாகும். இன்று நாம் காணும் திரிபு அங்ஙனம் எளிதில் மீளாதது. அதனினும் முக்கியமானது வேறொன்று: இந்நாட்டின் பாலை வறட்சியாக மட்டும் வருவதில்லை, வெள்ளமாகவும் வருகின்றது. நீர் நிறைந்த பாலை! இதனைப் பாடுதற்கு நம் பழைய உவமைகள் போதா. புதியன படைக்க வேண்டிய கடமை இளைய எழுத்தாளருடையது.

அவர்கள் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. நம் நாவல்களின் தலைப்புகளையே பாருங்கள். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே', எம். குமாரனின் 'செம்மண்ணும் நீல மலர்களும்', சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்': தலைப்பிலேயே மரமும் மண்ணும் மலரும் புழுவும் குடியேறியுள்ளன. தலைப்பில் அமர்ந்த நிலம் ஏடுகளினுள்ளே எவ்வாறு தொழிற்படுகின்றது, இரவலாகவா, அணியாகவா, வாழ்வாகவா என்று ஆராய்தல் மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

இலக்கியம் வானிலை அறிக்கையன்று என்று சிலர் மறுப்பர். உண்மைதான். மழை எத்தனை மில்லிமீட்டர் என்று கதை கூற வேண்டியதில்லை. ஆயின், அறிக்கை கூறவியலாத ஒன்றை இலக்கியம் கூறவல்லது: அம்மழையில் யாருடைய அடுப்பு அணைந்தது என்பதை. அதனைக் கூறுதற்கு மழையைச் சரியாக அறிந்திருத்தல் வேண்டும். தவறான திங்களில் மழை பெய்யும் கதையில், கண்ணீரும் ஐயத்திற்கிடமாகும்.

ஆகவே, வகுப்பில் ஒரு சிறுகதையைப் படிக்கும்போது பாத்திரப் படைப்பு, உத்தி, படிப்பினை ஆகியவற்றோடு நான்கு வினாக்களைச் சேர்த்துக் கொள்ளலாம். இக்கதை எத்திங்களில் நிகழ்கின்றது? அத்திங்களில் அவ்விடத்தில் இயல்பாக வீசும் காற்றும் பெய்யும் மழையும் யாவை? கதையில் வரும் மரத்திற்கும் பறவைக்கும் பெயர் உண்டா, அல்லது அவை வெறும் மரமும் பறவையுமா? கதை எழுதப்பட்ட நாளுக்கும் இன்றைக்கும் இடையே இவற்றுள் எது மாறியது? நான்காம் வினாவுக்கு விடை காண மாணவர் தம் வீட்டு முதியோரை அணுக வேண்டியிருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். மரத்தின் இலை பழுப்பதைக் கொண்டு திங்களைக் கூறிய பாட்டிமார் குறைந்து வருகின்றனர். மேகத்தைப் பார்த்தே இன்று வேலை உண்டா இல்லையா என்று கணித்த அறிவு அவர்களோடு மறைகின்றது. அவ்வறிவை எழுத்தில் ஏற்றாது விட்டால், நம் பிள்ளைகளுக்கு எந்த மழையும் ஒரே மழைதான்.

பருவம் திரிகின்றது என்பதை அறிய, திரியாத பருவத்தின் நினைவு வேண்டும். அந்நினைவின் பெரும்பகுதி, தூசி படிந்த பழைய மலர்களிலும் தொகுப்புகளிலும் நம் எழுத்தாளர் பதித்த மழையிலும் வெயிலிலும் கிடக்கின்றது. அதனைத் தேடி எடுத்துப் படிப்பிப்பது திறனாய்வுப் பணி மட்டுமன்று. கொன்றையைப்போல் மயங்காது, பெய்வது காரா வம்பமாரியா என்று பிரித்துணரும் தலைமுறை ஒன்றை ஆக்கும் பணியும் அதுவே.